காருக்கு அடியில் வைத்த பேசின்

செவிலிமேடு, காஞ்சிபுரம்
10-9-1995

அன்புள்ளவருக்கு,

நமஸ்காரம். இங்கு சௌக்கியம். ஸ்நேஹா நேற்று ஹாஸ்டலிலிருந்து ஒரு மூட்டை அழுக்குத் துணியோடு வந்தாள். துவைத்து உலர்த்தி எடுத்துக்கொண்டு இன்று மாலை பஸ்ஸில் திரும்பிப் போய்விட்டாள். என்னோடு பேசியதைவிட வாஷிங் மெஷினோடு இருந்த நேரம்தான் அதிகம்.

நாக்பூரில் விடாத மழை என்று எழுதியிருந்தீர்கள். இங்கே பாலாற்றில் மணல் லாரிதான் ஓடுகிறது.

கார் விஷயமாக உங்களைக் கேட்க வேண்டும். போன வாரம் காலேஜிலிருந்து திரும்பும்போது, வாலாஜாபாத் தாண்டியதும் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. ஓரமாக நிறுத்தி, நன்றாக ஆறவிட்டுத் திறந்து பார்த்தேன். கூலண்ட் அடிமட்டத்தில் இருந்தது. நீங்கள் விட்டுப்போன கேனிலிருந்து ஊற்றி நிரப்பினேன். நாலு நாளில் மறுபடியும் அதே கதை. மெக்கானிக் பாலாஜியிடம் கேட்டால், “வெயில்ல ஆவியாப் பூடும் மேடம், இது ஒரு மேட்டரா?” என்கிறார். மூடியிருக்கிற குழாய்க்குள் இருப்பது எங்கே ஆவியாகிப் போகும்? நான் கெமிஸ்ட்ரி நடத்துகிறவள் என்பது அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. ஒழுகுகிறது என்றால் தரையில் ஈரம் இருக்க வேண்டும். வாசலில் கார் நிற்குமிடம் வெறும் மண், எதையும் குடித்துவிடும். எப்படிக் கண்டுபிடிப்பது என்று எழுதுங்கள்.

எதிர்வீட்டில் ஒரு சின்ன ரகளை. பால்காரர் தர்மன் மாட்டை தேவசகாயம் சார் வீட்டு வாசலில் கட்டிக் கறக்கிறார். சாணியில் வழுக்கி சாரின் மனைவி மேரி அம்மா விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். சார் வெளியே வந்து, “இனிமே இங்க கட்டினியானா நடக்கறதே வேற” என்று சத்தம் போட்டார். தர்மனும் பதிலுக்கு, “ரோடு என்னா உங்க அப்பன் வாங்கி வச்சதா?” என்றார். இப்போது நம் வாசலில் கட்டிக் கறக்கிறார். கன்றுக்குட்டிக்கு நம் வீட்டுக் கழுநீர் கிடைப்பதால் அதற்கு மட்டும் சந்தோஷம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஸுபத்ரா


நாக்பூர்
16-9-1995

சௌபாக்கியவதி ஸுபத்ராவுக்கு,

ஆசீர்வாதம். இங்கு க்ஷேமம். ஜனவரி முதல் வாரத்தோடு என் வேலை இங்கே முடிகிறது என்பது உறுதியாகிவிட்டது. தீபாவளிக்கு லீவு இல்லை. பொங்கலுக்கு மூட்டை முடிச்சோடு வந்துவிடுவேன். அப்புறம் நீ ஓட்ட வேண்டாம், நானே காலேஜில் கொண்டுவிடுகிறேன்.

பாலாஜி சொல்வதை நம்பாதே. எங்கேயோ ஒழுகுகிறது. மாலையில் வண்டியை நிறுத்தியதும், ரேடியேட்டருக்கு நேர் கீழே அகலமாக ஒரு பேசினை வைத்துவிடு. காலையில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும். ஒன்றும் சேரவில்லை என்றால் கவலைப்பட வேண்டிய விஷயம். எஞ்சினுக்கு உள்ளேயே போகிறது என்று அர்த்தம். கேஸ்கட் போயிருக்கும், எஞ்சினைப் பிரிக்க வேண்டிவரும். வெறும் தண்ணீர் ஊற்றாதே, நம் ஊர் போர் தண்ணீரில் உப்புப் படிந்துவிடும். கேனில் இருப்பதையே ஊற்று. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதே.

தேவசகாயத்தோடு எதற்கும் பேச்சு வைத்துக்கொள்ளாதே. சாக்கடை விஷயமாக என்னிடமே எப்படிப் பேசினார் என்று உனக்குத் தெரியும்.

ஸ்நேஹாவின் ஜாதகம் சின்னக் காஞ்சிபுரத்தில் ஓர் இடத்தில் பொருந்தியிருப்பதாக அண்ணா எழுதியிருக்கிறார். நல்ல ஆசாரமான குடும்பம். விவரம் பிறகு.

முரளீதரன்


செவிலிமேடு
24-9-1995

அன்புள்ளவருக்கு,

நமஸ்காரம். நீங்கள் சொன்னபடியே செய்தேன். வண்டியின் முன்பக்கம் தாழ்வாக இருப்பதால் வீட்டிலிருந்த பெரிய பேசின் எதுவும் நுழையவில்லை. கடைசியில் கேட்டோரம் கழுநீர் கொட்டி வைக்கும் பழைய அலுமினிய பேசின்தான் சரியாக இருந்தது. அதைக் கழுவித் துடைத்து, பம்பருக்குக் கீழே தள்ளி வைத்தேன். விளிம்பு மட்டும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாள் காலையிலும் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. சனிக்கிழமை உள்ளே விரலை விட்டுத் தடவியும் பார்த்துவிட்டேன். ஆனால் டாங்கில் அளவு குறைந்துகொண்டேதான் இருக்கிறது. ஆக, வெளியே ஒழுகவில்லை. நீங்கள் பயந்தபடி எஞ்சினுக்குள்தான் போகிறது. இதை பாலாஜியிடம் சொன்னால், “கேஸ்கட் போனா பொகை வெள்ளையா வருமே மேடம், உங்களுக்கு வர்லியே” என்கிறார். ஒன்றும் சேரவில்லை என்பது என் கண்ணால் பார்த்தது. அவருடைய புகையைவிட என் பேசினைத்தான் நான் நம்புவேன். அடுத்த வாரம் எஞ்சினைப் பிரிக்க நாள் குறித்திருக்கிறேன். இவ்வளவு தெளிவாக ஒரு முடிவு கிடைத்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான், சிரிக்காதீர்கள்.

தர்மனின் கன்றுக்கு உடம்பு சரியில்லை. நேற்று மாலைக் கறவைக்கு வந்தபோது நம் வாசலிலேயே கால் பின்னித் தள்ளாடியது. “கள்ளு குடிச்ச மாரி நடக்குது பாருங்க டீச்சரம்மா” என்று தர்மன் சிரித்தார். இன்று கன்றைக் கூட்டி வரவில்லை. எழவே மாட்டேன் என்கிறதாம், வேகவேகமாக மூச்சு வாங்குகிறதாம். கால்நடை டாக்டர் ஊசி போட்டிருக்கிறார்.

சின்னக் காஞ்சிபுரத்து இடம் பற்றி ஸ்நேஹாவிடம் நான் பேசும் முன் நீங்கள் எழுத வேண்டாம்.

ஸுபத்ரா


செவிலிமேடு
28-9-1995

அன்புள்ளவருக்கு,

கன்று செத்துவிட்டது. அதை எழுதுவதற்காக இந்தக் கடிதம் இல்லை. நேற்றுக் காலை நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஏதோ விஷம் தின்றிருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். அவ்வளவுதான். தர்மன் நேராக எதிர்வீட்டுக்கு வந்தார். கூட நாலைந்து பேர். தேவசகாயம் சார் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டைத் திறந்தார். “என் கன்னுக்குட்டி உன்ன என்னய்யா பண்ணிச்சு?” என்று கேட்டுக்கொண்டே தர்மன் அவர் கன்னத்தில் அறைந்தார். எழுபது வயது மனிதரை. கண்ணாடி தெறித்து வாய்க்கால் ஓரம் விழுந்தது. அவர் குனிந்து தரையில் கையால் துழாவிக்கொண்டே, “நான் இல்லப்பா, நான் இல்ல” என்றார். தெருவே நின்றது. கண்ணாடியை எடுத்துக் கொடுக்க ஒருவர்கூட நகரவில்லை. மேரி அம்மா வந்து எடுத்தார்.

சார் அன்று ‘நடக்கறதே வேற’ என்று சொன்னதை எல்லோரும் இப்போது எடுத்துச் சொல்கிறார்கள். மேரி அம்மா போன மாதம் எலி மருந்து வாங்கியதாக மளிகைக் கடைக்காரர் சாட்சி சொல்கிறார். நானும்தான் எலி மருந்து வாங்குகிறேன். பக்கத்து வீட்டு நாமகிரி மாமி என்னிடம் வந்து, “நம்மளவா பண்ணுவாளா சொல்லு? அவாளுக்குப் பசுன்னா என்ன, கன்னுன்னா என்ன” என்றார். பதினொரு வருஷமாக மேரி அம்மாவிடம் கறிவேப்பிலை வாங்கிச் சமைக்கிறவர் மாமி.

இவ்வளவு சீக்கிரம் எல்லோரும் ஒரே முடிவுக்கு வருவார்கள் என்று நான் நினைத்ததில்லை.

ஸுபத்ரா


நாக்பூர்
4-10-1995

சௌ. ஸுபத்ராவுக்கு,

ஆசீர்வாதம். உன் இரண்டு கடிதங்களும் சேர்ந்து வந்தன. அடித்தது தப்புதான். ஆனால் தேவசகாயம் விஷம் வைத்திருக்கமாட்டார் என்று நான் சத்தியம் செய்யத் தயாரில்லை. கோபக்காரர். பார்த்ததோடு நிறுத்திக்கொள், எந்தப் பக்கமும் பேசாதே.

வண்டி விஷயத்தில் யோசித்துப் பார்த்தேன். வெள்ளைப் புகை இல்லை என்று பாலாஜி சொல்வது நியாயம். எஞ்சினைப் பிரிக்கும் முன் ஒருமுறை, வண்டியை ஓட விட்டு நன்றாகச் சூடேறிய பிறகு ஹோஸ்களை டார்ச் அடித்துப் பார்க்கச் சொல். ஆறின வண்டியில் சில ஒழுகல் தெரியாது.

முரளீதரன்


செவிலிமேடு
8-10-1995

அன்புள்ளவருக்கு,

எஞ்சினைப் பிரிக்கவில்லை. உங்கள் கடிதம் வரும் முன்பே, நேற்று பாலாஜி தானாகவே ஒன்று செய்தார். “பெரிய வேலைல கைய வெக்கறதுக்கு முன்னாடி ஒரு தபா சூடு பண்ணிப் பாத்துட்றேன் மேடம்” என்று வாசலிலேயே எஞ்சினை ஓட விட்டார். மின்விசிறி சுழல ஆரம்பித்த பிறகு கீழே படுத்து டார்ச் அடித்தார். “தோ பாருங்க மேடம், வந்து குந்திப் பாருங்க” என்றார்.

ரேடியேட்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் அடி ஹோஸின் முனையில், கிளிப்புக்குக் கீழே ஒரு விரிசல். சூடேறி அழுத்தம் வந்தால் மட்டும் திறக்கிறது. “சூடாச்சுன்னா அழும், ஆறிடுச்சுன்னா வாய மூடிக்கும்.” எஞ்சினை நிறுத்திய பிறகும் விடாமல் சொட்டியது. புது ஹோஸும் புது கிளிப்பும் போட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இன்று வாலாஜாபாத் வரை போய் வந்தேன். முள் பாதிக்கு மேல் ஏறவில்லை. கார் சரியாகிவிட்டது.

பாலாஜி காட்டிய சொட்டு விழுந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது பேசின் வைத்திருந்த இடம். ஒரு விரல் இப்படி அப்படி இல்லை. அதே இடம்.

அப்படியானால் மூன்று நாளும் பேசினில் விழுந்தது எங்கே போயிற்று?

பாலாஜி போன பிறகும் நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அது கன்று தினமும் கழுநீர் குடிக்கும் பேசின். அதன் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நான் எழுந்து கோலம் போட வரும் முன்பே தர்மன் பால் கறந்து வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார். துடைத்தது போல் சுத்தமாக இருந்தது என்று நான் பெருமைப்பட்டேனே, அது நக்கின சுத்தம்.

கேனில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். நான் வருஷா வருஷம் இரண்டாம் ஆண்டுப் பெண்களுக்கு நடத்துகிற பாடம். தித்திக்கும் என்று சொல்லியே நடத்துவேன், அப்போதுதான் மறக்கமாட்டார்கள் என்று. உடம்புக்குள் போனால் ஆக்சாலிக் அமிலமாக மாறி, சிறுநீரகத்தில் படிகமாகப் படியும். முதலில் குடிபோதை போலத் தள்ளாட்டம், பிறகு மூச்சிரைப்பு, பிறகு சாவு. கன்றின் தள்ளாட்டத்தை நானே உங்களுக்கு எழுதியிருக்கிறேன். அந்தக் கடிதத்திலேயே, நாலு வரிக்கு மேலே, பேசின் காலி என்றும் எழுதியிருக்கிறேன். இரண்டையும் எழுதிய கை ஒன்றுதான். எனக்கு எதுவும் தோன்றவில்லை.

தேவசகாயம் சார் வீட்டு வேலைக்காரப் பெண் நின்றுவிட்டாள். தர்மன் அவர்களுக்குப் பால் போடுவதில்லை. கடையில் மேரி அம்மாவை நிற்க வைத்துவிட்டு மற்றவர்களுக்குக் கொடுக்கிறார்கள். அவர்கள் கேட்டில் ‘வீடு விற்பனைக்கு’ என்று ஒரு அட்டை தொங்குகிறது.

நான் போய்ச் சொல்ல வேண்டும். இது நம் இருவர் பெயரிலும் உள்ள வீடு, பேசின் வைக்கச் சொன்னது நீங்கள். அதனால் முதலில் உங்களிடம் சொல்கிறேன். பூத்தில் பின்னால் நாலு பேர் நிற்கும்போது போனில் பேசுகிற விஷயம் இல்லை. உடனே பதில் எழுதுங்கள்.

ஸுபத்ரா


நாக்பூர்
13-10-1995

சௌ. ஸுபத்ராவுக்கு,

ஆசீர்வாதம். பேசின் வைக்கச் சொன்னவன் நான். பாவத்தில் எனக்கும் பாதி. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் நிதானமாக யோசி. கன்றைப் புதைத்தாகிவிட்டது. அது கூலண்டைத்தான் குடித்தது என்று யார் பார்த்தார்கள்? நிரூபிக்க முடியாததை நீ எப்போதும் ஏற்றுக்கொண்டதில்லை. இதில் மட்டும் ஏன் இந்த அவசரம்?

ஸ்நேஹாவுக்குப் பார்த்திருக்கும் குடும்பத்தைப் பற்றி அண்ணா மறுபடி எழுதியிருக்கிறார். பிள்ளையின் தாயார் மற்றவர் தொட்ட பால் பாத்திரத்தைக்கூட உள்ளே விடாதவராம். நம் வாசலில் ஒரு கன்று விஷம் குடித்துச் செத்தது, வைத்தவள் பெண்ணின் அம்மா என்று தெரிந்தால் அதோடு முடிந்தது. கோஹத்தி, பசுவைக் கொன்ற பாவம், என்ற சொல் ஒரு குடும்பத்தின் மேல் விழுந்தால் எளிதில் போகாது. என் அம்மா இந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள்.

தர்மனுக்கு வேறொரு கன்று வாங்கிக் கொடுத்துவிடலாம். காரணம் எதுவும் சொல்ல வேண்டாம், இரக்கப்பட்டுக் கொடுத்ததாக இருக்கட்டும். தேவசகாயம் எப்படியும் தாம்பரத்தில் மகள் வீட்டுக்குப் போகத்தான் நினைத்திருந்தார். நீயே முன்பு எழுதியிருக்கிறாய். வீட்டை விற்றுவிட்டுப் போய்விடுவார், நாலு மாதத்தில் தெருவும் மறந்துவிடும்.

ஒன்றும் சொல்லாதே. நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

முரளீதரன்


செவிலிமேடு
19-10-1995

முரளீதரன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. இரண்டு முறை படித்தேன். வேறு யாரோ எழுதியது என்று நினைத்துக்கொள்ள முயன்றேன். கையெழுத்து உங்களுடையதுதான்.

அன்று மாலையே தர்மன் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி அங்கம்மாள் பாய் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். யாரும் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தீர்களே, தர்மன் பார்த்திருக்கிறார். தினமும் பார்த்திருக்கிறார்.

“முன்னங்கால மடிச்சி, மண்டிப் போட்டு, வண்டிக்கு அடில தலைய விட்டு நக்கிக்கினு இருந்துச்சும்மா. பச்சையா தெரிஞ்சிது. டீச்சரம்மா கீர அலசின தண்ணிய ஊத்தி வச்சிக்கிறாங்கன்னு நெனச்சேன். சப்புக் கொட்டிக் குடிச்சிது. இன்னும் ரவ ஊத்திருக்கக் கூடாதான்னுகூட நெனச்சேன்.”

அங்கம்மாள்தான் கேட்டார். “அப்ப அந்தப் பெரியவர நீ அடிச்சது இன்னாய்யா?” தர்மன் என்னைத் திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன். அவர் தன் வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். “வாங்கம்மா போலாம்” என்று அவரே எழுந்தார்.

வேறு கன்று வாங்கித் தருகிறேன் என்றேன், காரணத்தைச் சொல்லியே. “அத அப்பறம் பேசலாம்மா” என்றார்.

மேரி அம்மா கேட்டைத் திறக்கவில்லை. தர்மனைப் பார்த்ததும் உள்ளே திரும்பிக் கூப்பிட்டார். தேவசகாயம் சார் வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார். கண்ணாடியின் ஒரு காதில் நூல் சுற்றியிருந்தது. தர்மன் குனிந்து கேட் வழியாக அவர் காலைத் தொடப் பார்த்தார். எட்டவில்லை. “ஏய், எழுந்திருப்பா, என்ன இது” என்று சார் பின்னால் நகர்ந்தார்.

தெருவில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். நாமகிரி மாமியும் இருந்தார். நல்லதுதான் என்று எல்லாவற்றையும் மறுபடி சத்தமாகச் சொன்னேன். ஹோஸ், பேசின், கேனில் இருந்தது என்ன, அது கன்றை என்ன செய்யும், எல்லாம். வகுப்பில்கூட நான் அவ்வளவு உரக்கப் பேசியதில்லை. மாமி, “நீ பெரிய மனசு பண்ணி யாரோ செஞ்சதை உன் தலைமேல போட்டுக்கறே” என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உண்மையைச் சொன்னால் அதையும் இப்படி மாற்றுவார்களா? நான் பதில் சொல்லும் முன் தர்மன் திரும்பி, “மாமி, நா என் கண்ணால பாத்தேன். சும்மா இருங்க” என்றார். மாமி உள்ளே போய்விட்டார்.

சார் என்னிடம் ஒன்றுதான் கேட்டார்.

“உங்களுக்கு இது எப்பத் தெரியும்?”

“பத்து நாளைக்கு முன்னாடியே.”

“பத்து நாளா என் சம்சாரம் ஒரு லிட்டர் பாலுக்கு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்ட்டு வராங்க. எதுக்கும்மா காத்துக்கிட்டு இருந்தீங்க?”

“வீட்டுக்காரருக்கு எழுதிக் கேட்டேன்.”

“என்ன எழுதினாரு?”

பொய் சொல்லியிருக்கலாம். பதில் வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால், “சொல்ல வேண்டாம்னு எழுதினார்” என்றேன்.

மேரி அம்மாதான், அதுவரை பேசாதவர், கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “இத நீங்க அவர கேட்டிருக்கவே வேணாமே மா.”

கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஏதோ தெரியவில்லை என்பது போல, சாதாரணமாகச் சொன்னார். இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இருபத்து நாலு வருஷமாக எல்லாவற்றையும் உங்களைக் கேட்டுத்தான் செய்தேன். பெரும்பாலும் நல்லபடியாகவே நடந்தது. அதனால் இது கேட்கிற விஷயமா இல்லையா என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஸ்நேஹாவிடம் சொல்லிவிட்டேன். “அந்தப் பிள்ளையோட அம்மாவுக்கு நீயே எழுதிடும்மா, வேணாம்னு சொன்னா எனக்கு நல்லதுதான்” என்றாள். எழுதிவிட்டேன். இன்னும் பதில் இல்லை.

வேலைக்காரப் பெண் எதிர்வீட்டுக்கு நேற்று திரும்பி வந்தாள். தர்மன் அவர்கள் வாசலில் பாலை வைத்துவிட்டுப் போகிறார். ஒரு நாள் எடுக்காமல் விட்டார்கள். இன்று எடுத்துக்கொண்டார்கள். சாரும் மேரி அம்மாவும் என்னோடு பேசுவதில்லை. பேசுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவும் கூடாது.

‘வீடு விற்பனைக்கு’ அட்டையை இன்று காலை சார் கழற்றிவிட்டார். அவர்கள் எங்கும் போகவில்லை. பொங்கலுக்கு நீங்கள் வரும்போது எதிர்வீட்டில் அவர் இருப்பார். நீங்கள் எழுதியது அவருக்குத் தெரியும், தெருவுக்கும் தெரியும். தினமும் கேட்டைத் திறந்தால் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

வருவதானால் அதைத் தெரிந்துகொண்டு வாருங்கள். வராவிட்டாலும் எழுதுங்கள். வர வேண்டும் என்றோ, வேண்டாம் என்றோ நான் சொல்லமாட்டேன். இது என்னைக் கேட்டு நீங்கள் செய்கிற காரியம் இல்லை.

ஸுபத்ரா